கன்சில் எஞ்சினில் ஆயிலும் தண்ணீரும் எங்கே போகின்றன

கோலாலம்பூரில் இன்னும் கன்சில் என்கிற சின்னக் காரை ஓட்டுகிறவர்கள் இரண்டு வகை: வேறு காடி வாங்கக் காசில்லாதவர்கள், காசிருந்தும் இதை விட மனமில்லாதவர்கள். மாதத்தின் எந்த வாரம் என்பதைப் பொறுத்து நான் இரண்டிலும் இருப்பேன். 1994-இல் மலேசியாவின் பெரொடுவா நிறுவனம் முதன்முதலாக விட்ட காடி, 2009-இல் நிறுத்திவிட்டார்கள், ஆகவே ரோட்டில் ஓடுகிற ஆகக் கடைசிக் கன்சிலுக்கே 15 வயதுக்கு மேல் ஆகிறது. அந்த வயதில் கேஸ்கெட், ஓ-ரிங், ஆயில் சீல், ஹோஸ் எல்லாம் சூட்டில் வெந்து வெந்து கட்டையாகியிருக்கும். கசிவே இல்லாத பழைய கன்சில் என்று யாராவது விற்க வந்தால், முதலில் ஆயில் அளவு காட்டுகிற கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்து அதில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னுடையது 850 மேனுவல். 847 சிசி, மூன்று சிலிண்டர், மொத்தமே மூன்று லிட்டர் பக்கம்தான் ஆயில் பிடிக்கும். சின்ன எஞ்சினில் கசிவைச் சும்மா விடக்கூடாது என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். இதில் அரை லிட்டர் குறைந்தால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது, மிச்சமிருக்கிற ஆயில் அதே வேலையை இன்னும் கூடுதல் சூட்டில் செய்துகொண்டிருக்கும். எஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர்க் கலவையான கூலண்டும் அப்படித்தான். ரேடியேட்டரும் சின்னது, எஞ்சினுக்குள் ஓடுகிற தண்ணீரும் கொஞ்சம், ஆகவே ஜாலான் ஈப்போ ஜாமில் ஒரு பத்து நிமிடம் நின்றாலே குறைவு தெரிந்துவிடும்.

இந்த விஷயத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். கீழே ஆயில் சொட்டுகிறது என்று கொண்டுபோனேன், ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடம் முழுக்க நனைந்து கறுப்பாக இருந்தது, டார்ச் அடித்துப் பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: கிராங்க் பின்பக்க சீல் (கிராங்க் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளிவருகிற இடத்து ரப்பர்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கவேண்டும், அப்படியே கிளட்சும் போட்டுவிடலாம், கூலியோடு சேர்த்து சில நூறு வெள்ளி. பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த இடம் நனைந்திருந்தால் அந்த சீலைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். ஆனால் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

அங்கிருந்து காடியை எடுத்துக்கொண்டு செந்தூலில் எனக்குத் தெரிந்த ஃபோர்மன் (மெக்கானிக்) அண்ணனிடம் போனேன். அவருடைய அப்பா செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். ஒரு காலத்தில் அந்தப் பட்டறை என்றாலே நம் ஆட்கள் நிறைந்த இடம், செந்தூலில் பழைய குடும்பங்களைக் கேட்டால் வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலை செய்திருப்பார்கள். அப்பாவிடமிருந்து அண்ணனுக்கு வந்தது ஒரே பழக்கம், அழுக்கு எஞ்சினைப் பார்த்து எதுவும் சொல்லமாட்டார்.

"தம்பி, மொதல்ல கழுவிட்டு வா. கழுவாம பார்த்தா எனக்கும் அதே சீல்தான் தெரியும்."

இதில் எந்த மந்திரமும் இல்லை. ஆயில் கீழே இறங்கும், காடி ஓடும்போது காற்று அதைப் பின்னாலும் பக்கவாட்டிலும் தள்ளும், ரேடியேட்டர் ஃபேன் இன்னும் கொஞ்சம் தெளிக்கும், அதன்மேல் தூசி ஒட்டும். சில மாதங்களில் எஞ்சினின் கீழ்ப்பாதி முழுக்க ஒரே கறுப்பு. அதில் புதுக் கசிவு எது, பழைய அழுக்கு எது என்று எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது. ஆகவே சொட்டுகிற இடத்தை மறந்துவிட்டு, நனைந்திருக்கிற இடங்களிலேயே ஆக உயரத்தில் இருப்பது எது, அதில் ஆக முன்னால் இருப்பது எது என்றுதான் தேடவேண்டும். அதற்கு முதலில் சுத்தமாக இருக்கவேண்டும்.

கழுவுவதற்கு எஞ்சின் ஆறியிருக்கவேண்டும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் வாய், ஆல்டர்னேட்டர் மூன்றையும் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிவிட்டு, டிகிரீசர் அடித்து, கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய பெயின்ட் பிரஷால் தேய்த்து, மெதுவான தண்ணீரில் அலசவேண்டும். ஜெட் பம்ப்பை நேராகப் பிடிக்காதீர்கள், கசிவைத் தேடப் போய் காடி ஸ்டார்ட் ஆகாத கதை அங்கேதான் ஆரம்பிக்கும். வீட்டு வாசலிலும் இதைச் செய்யாதீர்கள். அந்தத் தண்ணீர் லோங்காங்கில் (சாக்கடையில்) இறங்கி நேரே ஆற்றுக்குத்தான் போகும். எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டி வைத்திருக்கிற கார் வாஷில் கொடுத்தால் அதிகச் செலவும் இல்லை.

காய்ந்த பிறகு அண்ணன் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குழந்தைகளுக்குப் போடுகிற பவுடரை எடுத்து, சந்தேகப்படுகிற இணைப்புகள்மேல் லேசாகத் தூவிவிட்டார். எஞ்சினை ஐடிலில் கொஞ்ச நேரம் விட்டு, பிறகு செகாம்புட் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பானட்டைத் திறந்தோம். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் ஒரு கோடாக இறங்கியிருந்தது. கோட்டின் தலை எங்கே என்றால், சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காருகிற இடம். அங்கிருந்து வழிந்து கியர்பாக்ஸ் ஹவுசிங்மேல் விழுந்து, சுற்றிக்கொண்டு கீழே வந்து, கிராங்க் சீல் கசிகிற மாதிரியே சொட்டியிருக்கிறது. இந்தக் குழப்பம் பழைய புரோட்டோன் சாகாவிலும் வரும், கேம்‌ஷாஃப்ட் முனையில் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த எந்த எஞ்சினிலும் வரலாம்.

பவுடரில் தெரியாத அளவுக்கு மெல்லிய கசிவு என்றால் அல்ட்ராவயலட் டை இருக்கிறது. ஆயிலில் கொஞ்சம் ஊற்றி, சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் அந்த நீல டார்ச்சை அடித்தால் கசிகிற இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். ஆயிலுக்கு வேறு டை, கூலண்டுக்கு வேறு டை, கேட்டு வாங்குங்கள்.

ஓ-ரிங் மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஆனால் அவசரப்படக்கூடாத வேலை. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் மாறிவிடும், ஆகவே கழற்றுவதற்கு முன்பே அதன் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொள்ளவேண்டும். மூடியைத் திறந்து ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மூடிக்குள்ளேயே ஆயில் இருந்தால் அது வேறு கசிவு, உள்ளே இருக்கிற ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது, வெளி ஓ-ரிங்கை மட்டும் மாற்றினால் நிற்காது. எனக்கு உள்ளே காய்ந்து இருந்தது. வெளியே வந்த பழைய ஓ-ரிங் வட்டமாக இல்லை, ஓரங்கள் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் தடமே விழாத அளவுக்கு இறுகி, எடுக்கும்போதே இரண்டாக முறிந்தது. காடி சாமான் கடை தௌக்கே (முதலாளி) கறுப்பு ஒன்று, பழுப்பு ஒன்று என்று இரண்டை மேசையில் வைத்து, "பாஸ், இது சூடு தாங்கும்" என்று பழுப்பைத் தள்ளினார். அது வைட்டன், சாதாரண நைட்ரைல் ரப்பரைவிடச் சூட்டில் நாளாகத் தாங்கும். விலை வித்தியாசம் சில வெள்ளி. புது ரிங்கில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலைத் தடவி, முறுக்காமல் பள்ளத்தில் உட்காரவைத்து, கோட்டுக்குக் கோடு சேர்த்து மாட்டி, கடைசியில் டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்தோம்.

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அண்ணன் விடவில்லை. "எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சாச்சு. ஏன் தள்ளுதுன்னு பார்க்கவேணாமா?"

எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கும். இது எல்லா எஞ்சினிலும் நடக்கும், புதியதிலும் நடக்கும். அந்த வாயு வெளியேறத்தான் எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரிலிருந்து, காற்று உள்ளே போகிற இன்டேக்குக்கு ஒரு ஹோஸும் அதில் பிசிவி வால்வும் வைத்திருக்கிறார்கள். வால்வோ ஹோஸோ கசடு பிடித்து அடைத்துக்கொண்டால் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை, உள்ளே அழுத்தம் ஏறும், எந்த ரப்பர் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இப்போது நீங்கள் அந்த ரப்பரை மாற்றினால் அடுத்த பலவீனமான இடம் கசியும். அதையும் மாற்றினால் இன்னொன்று. "எத்தனை தடவை செஞ்சாலும் இந்தக் காடி கசியுது" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குக் கேஸ்கெட்டில் குறை இருக்காது, இந்த வால்வை யாரும் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

பார்ப்பதற்குக் காசு வேண்டாம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு காகிதத்தை வையுங்கள். லேசாக இழுத்துப் பிடித்தால் சரி. காகிதம் துள்ளினால், உள்ளிருந்து புகை விட்டு விட்டு ஊதினால், ஒன்று பிசிவி அடைத்திருக்கிறது, இல்லையென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கிலுகிலு என்று சத்தம் வரவேண்டும். என்னுடையதில் சத்தம் வரவில்லை. புதிது போட்டு, கசடு நிறைந்திருந்த ஹோஸையும் மாற்றினோம். புதுப் பிசிவி போட்டும் ஊதல் நிற்கவில்லை என்றால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கவேண்டும், பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினில் சீல்மேல் சீலாகப் போட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

வால்வ் கவர் கேஸ்கெட் பற்றிக் கொஞ்சம் திட்டவேண்டியிருக்கிறது. கன்சிலில் கசிவு என்றால் முதலில் இதுதான், ஆக எளிதான வேலையும் இதுதான், ஆனால் இதைக் கெடுத்துவைத்திருக்கிற மாதிரி வேறெதையும் கெடுத்திருக்கமாட்டார்கள். கசிகிறது என்றவுடன் போல்ட்டை இன்னும் இறுக்குவார்கள். இறுக்கினால் ரப்பர் நசுங்கும், கவர் வளையும், கசிவு கூடும். பிறகு சிலிக்கான் டியூபை எடுத்துச் சுற்றிலும் பிதுக்கிவிடுவார்கள். வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும், அந்தத் துண்டுகள் காய்ந்து உதிர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். ரப்பர் கேஸ்கெட்டுக்குச் சுற்றிலும் சிலிக்கான் வேண்டாம். இரண்டு பாகங்கள் மூலையில் சந்திக்கிற இடத்தில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். பழைய கேஸ்கெட் துணுக்குகளைப் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, அலுமினியத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டு, பிரேக் கிளீனரால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் காயவைத்து, பிறகு மாட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் போதும். இந்தக் கசிவு எக்ஸாஸ்ட் மேல் விழுகிற மாதிரி இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டிராஃபிக் லைட்டில் நிற்கும்போது கருகிய வாடை வந்தால் அதுதான், தீப்பிடிக்கிற ஆபத்து அதில் உண்டு.

முன்பக்கத்தில் கேம் சீல், கிராங்க் சீல் இரண்டும் டைமிங் பெல்ட் கவருக்குள் இருக்கின்றன. அங்கே கசிந்தால் ஆயில் பெல்ட்டில்தான் படும், ஆயில் குடித்த ரப்பர் பெல்ட் நாளாகத் தாங்காது. ஆகவே பெல்ட் மாற்றுகிற அன்றைக்கே இந்த இரண்டு சீலையும் மாற்றிவிடுவதுதான் புத்தி, கூலி ஒரே கூலிதான். புது சீலின் உதட்டில் ஆயில் தடவி, ஸ்பிரிங் இருக்கிற பக்கம் உள்ளே பார்க்க, சரியான அளவு சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்கவேண்டும். ஷாஃப்ட்டில் பழைய உதடு உரசிப் பள்ளம் விழுந்திருந்தால், சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்காரவைத்தால் உதடு புது இடத்தில் படும். இதெல்லாம் ஃபோர்மனிடம் விடுகிற வேலை, ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

ஆயில் கசிந்தால் தடயம் விட்டுவிட்டுப் போகும். கூலண்ட் அப்படியில்லை, சூடான உலோகத்தில் பட்டவுடன் ஆவியாகிவிடும், தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது, ஆனால் ரிசர்வ் டாங்க் மட்டும் குறைந்துகொண்டே வரும். மிஞ்சுவது காய்ந்த கறை, பச்சையாகவோ சிவப்பாகவோ, வெறும் பைப் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு வெள்ளையாகவோ துருநிறமாகவோ. இனிப்பான வாடையும் வரும். ஆகவே கூலண்ட் கசிவை எஞ்சின் ஆறியிருக்கும்போது தேடவேண்டும், அதற்கு ஒரு கைப் பம்ப் டெஸ்டர் இருக்கிறது. ரேடியேட்டர் மூடி இருக்கிற இடத்தில் அதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கிற அழுத்தம் வரை காற்றடித்து, அப்படியே விட்டுவிட்டு முள்ளைப் பார்க்கவேண்டும். முள் இறங்கினால் எங்கோ போகிறது, ஆவியாகாததால் சொட்டு கண்ணில் படும்.

அந்த மூடியை நம் ஆட்கள் யாரும் மதிப்பதில்லை. பழைய ஜப்பானிய வகை மூடிகளில் 0.9 என்றோ 1.1 என்றோ போட்டிருக்கும். ப்ரஷர் குக்கருக்கு வெயிட் எப்படியோ அப்படித்தான் இது. வெளிக்காற்றைவிட 0.9 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி பக்கம் போனால்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே தண்ணீர் முன்கூட்டிக் கொதித்து ரிசர்வ் டாங்க் வழியாக வெளியே கொட்டும், நீங்கள் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயந்துகொண்டிருப்பீர்கள். அதற்காக 0.9 இருந்த இடத்தில் 1.1 போடாதீர்கள், பழைய ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலையும் அதைத் தாங்காமல் வெடிக்கும். எந்த மூடியாக இருந்தாலும் சூட்டில் திறக்காதீர்கள்.

"நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்காத மாமா நம் குடும்பங்களில் இல்லை. தண்ணீர் உறையாமல் வைப்பது கூலண்டின் ஒரு வேலைதான். இங்கே நமக்கு வேண்டியது அதில் கலந்திருக்கிற துருத் தடுப்பு. வெறும் பைப் தண்ணீர் ஓடினால் அலுமினிய ஹெட்டை உள்ளிருந்து அரிக்கும், வாட்டர் பம்ப்பின் சீலைத் தேய்க்கும், பின்னால் வருகிற பாதிக் கசிவுகள் அங்கேதான் பிறக்கின்றன. என்னுடைய மாமா ஒருவர் லோரி ஓட்டியவர், ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவார். ஒழுகல் நிற்கவும் செய்யும், நான் மறுக்கவில்லை. நடுக்காட்டில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அந்தத் தூளுக்கு எது ஓட்டை, எது ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்று தெரியாது. கடையில் விற்கிற அடைப்பு மருந்துகளுக்கும் தெரியாது. வீடு வந்து சேர்ந்தவுடன் கழுவி எடுத்துவிட்டுச் சரியான வேலையைச் செய்யவேண்டும்.

வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் ஈரமோ காய்ந்த கறையோ இருந்தால் உள் சீல் போய்விட்டது, பம்ப்பை மாற்றவேண்டும் என்று அர்த்தம். உங்களுக்குச் சொல்வதற்காகவே அந்த ஓட்டையை வைத்திருக்கிறார்கள். அதைச் சிலிக்கான் வைத்து அடைத்திருந்த ஒரு காடியை நான் பார்த்திருக்கிறேன், அடைத்தவர் தண்ணீரை பேரிங்குக்குள் அனுப்பிவைத்திருந்தார். ஹோஸ் விஷயம் எளிது, ஆறியிருக்கும்போது அழுத்திப் பாருங்கள், மொரமொரவென்று சத்தம் வந்தாலோ முனையில் ஊதியிருந்தாலோ மாற்றிவிடுங்கள், கிளாம்ப்பை மட்டும் பிளாஸ்டிக் கழுத்து நசுங்குகிற அளவுக்கு முறுக்காதீர்கள்.

வெளியே எங்கும் ஈரமில்லை, டெஸ்டரில் முள் மட்டும் இறங்குகிறது என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை வந்து நிற்காமல் தொடர்வது, எஞ்சின் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது, ரேடியேட்டரில் குமிழி வந்துகொண்டே இருப்பது, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருப்பது, இதில் இரண்டு சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு இருந்தால் பயப்படாதீர்கள், மழைக்காலத்தில் பக்கத்துத் தாமானுக்கும் பசாருக்கும் மட்டும் ஓடுகிற காடியில் ஈரம் உள்ளேயே நின்று அப்படி ஆகும். உறுதி செய்ய ஒரு நீலத் திரவச் சோதனை இருக்கிறது: ரேடியேட்டர் வாயிலிருந்து வருகிற காற்றை அந்தத் திரவம் வழியாக இழுத்தால், எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இதைக் கேளுங்கள்.

கழற்றியாகிவிட்டது என்றால் வெறும் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு மூடவிடாதீர்கள். சூடேறிய ஹெட் வளைந்திருக்கும். நேரான ஸ்டீல் பட்டையை வைத்து ஃபீலர் கேஜால் அளக்கவேண்டும், பெரும்பாலான சின்ன எஞ்சின்களுக்கு 0.1 மில்லிமீட்டர் பக்கம்தான் எல்லை, அதைத் தாண்டினால் மெஷின் ஷாப்பில் சீவவேண்டும். ஹெட் போல்ட்டைக் கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு, இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக. இங்கேயும் அண்ணனுடைய கேள்விதான்: ஏன் போனது? ஃபேன் சுற்றவில்லையா, தெர்மோஸ்டாட் திறக்கவில்லையா, மூடி பிடிக்கவில்லையா? அதைக் கண்டுபிடிக்காமல் மூடினால் புதுக் கேஸ்கெட்டும் அதே ஜாமில் போகும்.

எல்லாக் கசிவையும் துரத்தவேண்டியதில்லை. ஆயில் தங்குகிற அடித்தொட்டியான சம்ப் ஓரத்தில் லேசாக வியர்த்து, தூசி ஒட்டி, தரையில் சொட்டாமல் இருந்தால் நான் விட்டுவிடுகிறேன், வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்த்தால் போதும். கழுவி, பவுடர் போட்டு, பிசிவி பார்த்து, எல்லாம் முடிந்த பிறகும் கிராங்க் பின்பக்க சீல்தான் என்று உறுதியானால்கூட, கசிவு கொஞ்சம்தான், கிளட்ச் வழுக்கவில்லை என்றால் கிளட்ச் மாற்றும் நாள் வரை காத்திருக்கலாம், கியர்பாக்ஸ் எப்படியும் அன்றைக்கு இறங்கத்தான் போகிறது. பழைய ஆயிலைப் போத்தலில் பிடித்துப் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள். மலேசியாவில் அது அட்டவணைக் கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் வருகிறது, சேகரிக்க வருகிறவர்கள் காசு கொடுத்தே எடுத்துப்போவார்கள். பழைய கூலண்டை மட்டும் திறந்த பாத்திரத்தில் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள், பெரும்பாலான கூலண்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, விஷம், தெருவில் இருக்கிற பூனையும் நாயும் நக்கிவிடும்.